டீச்சர் பதில்கள்: புதுப் பிரிவா? முதலில் சேஃபைத் திறந்து பாருங்கள்

நம் தென்னாப்பிரிக்காவிலும் நடக்கும் கௌபாய் துப்பாக்கிச் சுடும் போட்டி பற்றிப் போன இதழில் நான் எழுதியது அரைப் பக்கம். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று ஆசிரியரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் ரேஞ்சில் என்ன செய்கிறாள் என்று கேட்டவர்களுக்கு: சுடுகிறேன், சுடாத நேரத்தில் ஸ்கோர் எழுதுகிறேன். லெனேஷியாவிலிருந்து வந்த கடிதத்துக்குத்தான் இந்த முறை அதிக இடம். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: டீச்சர், என் தம்பி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொப்பி, பூட்ஸ், இடுப்பில் இரண்டு துப்பாக்கி என்று கிளம்பிப் போகிறான். ஐம்பது வயது ஆகிறது. இது விளையாட்டா, வேஷமா?
*— ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்*

பதில்: இரண்டும்தான், அக்கா. அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில், பழைய கௌபாய் படங்களில் பைத்தியமாக இருந்த சில துப்பாக்கிக்காரர்கள் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்தது. 'எண்ட் ஆஃப் ட்ரெய்ல்' என்ற முதல் பெரிய போட்டி 1982-இல் நடந்தது. சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி, சுருக்கமாக சாஸ், 1987-இல் வந்தது. இன்று உலகம் முழுக்க இந்த விளையாட்டுக்கு அவர்கள் விதிப் புத்தகம்தான் அடிப்படை.

ஒருவருக்கு நான்கு துப்பாக்கி வேண்டும். ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஹாமரை இழுத்துச் சுட வேண்டிய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் இரண்டு, ரிவால்வர் தோட்டாவையே சுடும் லீவர் ரைபிள் ஒன்று, இரட்டைக் குழலோ பழைய பம்ப் வகையோ ஷாட்கன் ஒன்று. வழக்கமான ஒரு ஸ்டேஜில், அதாவது ஒரு சுற்றில், ரிவால்வருக்குப் பத்து, ரைபிளுக்குப் பத்து, ஷாட்கனுக்கு நாலு என்று இரும்புத் தகடுகளைச் சுட வேண்டும். கடிகாரத்தில் வரும் நொடிதான் மதிப்பெண். ஒரு தகட்டைத் தவறவிட்டால் 5 நொடி கூடும். சொன்ன வரிசையை மாற்றிச் சுட்டால் 10 நொடி. 28 நொடியில் முடித்து இரண்டைத் தவறவிட்டவர் 38-க்குப் போய்விடுவார். நிதானமாக 35 நொடியில் ஒன்றும் விடாமல் சுட்டவர் அவரை முந்திவிடுவார். உங்கள் தம்பி வீட்டுக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற ஞாயிறுகளில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

கேள்வி: எங்கள் கிளப் மாதப் போட்டிக்கு இருபது, இருபத்தைந்து பேர் வருகிறோம். இப்போது இருப்பது வயதுப் பிரிவுகள் மட்டும். கமிட்டியில் ஐந்து புதுப் பிரிவுகளுக்கு யோசனை வந்திருக்கிறது. ஒற்றைக் கையில் சுடுகிற டூயலிஸ்ட், இரண்டு கையிலும் துப்பாக்கி பிடிக்கிற கன்ஃபைட்டர், புகை கக்கும் பழைய கருமருந்துக்கான ஃப்ரன்டியர் கார்ட்ரிட்ஜ், ஒரே ரிவால்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பிரிவு, டச்சுக் குடியேறிகளான போயர்களும் ஆங்கிலேயரும் இங்கே மோதிய போயர் போர்க் காலத் துப்பாக்கிகளுக்கு ஒரு பிரிவு. ஐந்தையும் ஒரேயடியாகத் தொடங்கிவிடலாம் என்கிறார்கள் இளைஞர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
*— கிளப் செயலாளர், லெனேஷியா*

பதில்: செயலாளர் தம்பி, அமெரிக்காவில் இந்தக் கேள்வியைக் கேட்டால் 'எத்தனை பேர் சேருவார்கள்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நம் நாட்டில் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. இந்தப் பிரிவில் சேர ஒருவர் புதிதாக ஒரு துப்பாக்கி வாங்க வேண்டியிருக்குமா?

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று உங்களுக்கே தெரியும், கமிட்டி இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி லைசென்ஸ். ஒவ்வொன்றுக்கும் இது எனக்கு எதற்கு என்று காரணம் எழுதி, போலீஸ் நிலையத்தில் துப்பாக்கி அதிகாரி முன்னால் விண்ணப்பத்தை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில், அதாவது எப்போதாவது சுடுகிறவர் என்ற கணக்கில் வாங்கினால் மொத்தம் நாலு லைசென்ஸ்தான், அதிலும் கைத்துப்பாக்கி ஒன்றே ஒன்று. கௌபாய் போட்டிக்கு இரண்டு ரிவால்வர் வேண்டுமென்றால் சட்டத்தின் 16-ஆம் பிரிவுக்கு, 'டெடிகேட்டட்' விளையாட்டுக்காரர் என்ற தகுதிக்குப் போக வேண்டும். அங்கீகாரம் பெற்ற சங்கத்தில் உறுப்பினராக இருந்தால்தான் அது கிடைக்கும். ஆகவே, ஏற்கெனவே சேஃபில் இருக்கிற துப்பாக்கியை வேறு விதமாகப் பிடிக்கச் சொல்கிற பிரிவுக்குச் செலவே இல்லை. புதுத் துப்பாக்கி கேட்கிற பிரிவோ, நீங்கள் அறிவித்த பிறகும் ஆள் வந்து சேர மாதக் கணக்காகும். உங்கள் ஐந்தையும் இந்தச் சல்லடையில் போட்டுப் பார்ப்போம்.

டூயலிஸ்டை அடுத்த மாதமே தொடங்குங்கள். அதே ரிவால்வர், அதே தோட்டா. ஒரு கையால் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் ஹாமரை இழுத்து, அதே கையால் சுட வேண்டும். இன்னொரு கை துப்பாக்கியையும் தொடக்கூடாது, சுடுகிற கைக்கு முட்டும் கொடுக்கக்கூடாது. பார்க்க எளிது. பத்தாவது குண்டு வரும்போது மணிக்கட்டு சொல்லும் கதை வேறு. இதைத் தனிப் பிரிவாக வைப்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டு கையால் பிடித்து, இடது கட்டைவிரலால் ஹாமரை இழுப்பவரோடு ஒரே தாளில் போட்டால், ஒற்றைக் கைக்காரர் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் பெயர் கீழேதான் இருக்கும். இரண்டு மூன்று மாதம் பார்த்துவிட்டு அவரும் இரண்டு கைக்கு மாறிவிடுவார். அப்படி மாறாமல் இருக்கத்தான் பிரிவு.

கன்ஃபைட்டருக்கும் புதுத் துப்பாக்கி வேண்டாம். ஆனால் இதை இரண்டாவதாக வையுங்கள். இரண்டு ரிவால்வரும் ஒரே நேரத்தில் உறையிலிருந்து வெளியே வருகின்றன. ஆள் பழகாதவராக இருந்தால் குழல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ரேஞ்ச் ஆபீசரும் இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். குழல் தகடுகள் பக்கமே இருக்க வேண்டும் என்ற 170 டிகிரி எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்: முதல் முறை அந்த ஸ்டேஜ் போச்சு, இரண்டாவது முறை துப்பாக்கிகளை எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்கு ஸ்கோர் எழுத வரலாம். இன்னொரு வேலை ஸ்டேஜ் எழுதுகிறவருடையது. முதல் ரிவால்வரைத் தொடக்கத்தில் ஐந்து, இரண்டாவதைக் கடைசியில் ஐந்து என்று பிரித்து எழுதிவிட்டால் கன்ஃபைட்டர் எதைச் சுடுவது, எதை எங்கே வைப்பது என்று மேசை முன்னால் நின்று விவாதிப்பார். பின்னால் பன்னிரண்டு பேர் வெயிலில் நிற்பார்கள். ரிவால்வர் பத்தையும் சேர்த்துச் சுடுகிற மாதிரி ஸ்டேஜ் எழுதப் பழகிய பிறகு இந்தப் பிரிவைக் கொண்டுவாருங்கள்.

ஃப்ரன்டியர் கார்ட்ரிட்ஜில் துப்பாக்கி பழையதே, தோட்டாவுக்குள் இருக்கும் மருந்துதான் மாறுகிறது. ரிவால்வர், ரைபிள், ஷாட்கன் மூன்றுக்கும் கருமருந்து. தோட்டாவை வீட்டிலேயே அடைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான் இதற்கு வருவார்கள். உங்கள் கிளப்பில் அப்படி எத்தனை பேர்? காற்றில்லாத காலை நேரம் என்றால் மூன்றாவது குண்டுக்குப் பிறகு தகடு கண்ணுக்குத் தெரியாது. மிஸ் எண்ண நிற்கிற மூன்று பேரும் புகைக்குக் கீழே குனிந்து, 'டங்' சத்தத்தை வைத்து விரலை மடக்குவார்கள். மூவரில் இருவர் சொன்னதுதான் கணக்கு, சந்தேகம் வந்தால் சுட்டவருக்குச் சாதகம். ஆகவே கருமருந்துக்காரர்களைப் போட்டியின் நடுவில் விடாமல் ஒவ்வொரு குழுவிலும் கடைசியில் சுடச் சொல்லுங்கள், அடுத்தவர் கண் கரிக்காது. வீட்டுக்குப் போனதும் அன்றே கொதிநீரும் சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும். கழுவுகிற இடம் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், கழிவறைப் பக்கமே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜோஹன்னஸ்பர்க்கின் காய்ந்த காற்றில் ஒரு இரவு பொறுக்கும். எங்கள் டர்பனில் காலையில் குழலுக்குள் துரு செம்மண்ணாகப் பூத்திருக்கும்.

ஒரே ரிவால்வர் பிரிவு. இது சாஸ் புத்தகத்தில் உள்ள பிரிவு அல்ல, கமிட்டியில் யாரோ நம் சட்டத்தை மனதில் வைத்து யோசித்திருக்கிறார். அவருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். 15-ஆம் பிரிவு லைசென்ஸோடு வருகிறவரை, போய் இரண்டாவது ரிவால்வர் வாங்கிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினால் அவர் திரும்பி வரமாட்டார். ஐந்து குண்டோடு முடித்துக்கொள்ளட்டும், மற்றதெல்லாம் வழக்கம்போல. கிளப்பின் உள் போட்டிக்கு மட்டும் இந்தப் பிரிவு, வெளிப் போட்டிக் கணக்கில் சேராது என்று முதலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். இதில் ஒருவர் காலமெல்லாம் உட்கார்ந்துவிடக் கூடாது. ஒரு சீசன் போதும். அதற்குள் டெடிகேட்டட் தகுதிக்கு விண்ணப்பித்துவிடலாம். பக்கத்திலேயே நிற்கிற உறுப்பினரின் துப்பாக்கியை அவர் நேரடி மேற்பார்வையில் சுடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. இரவல் ரிவால்வரோடு முழுப் பிரிவில் நின்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு அந்த வழியும் உண்டு.

போயர் போர்ப் பிரிவு: வேண்டாம். நம் மண்ணின் கதை என்று ஆசையாகத்தான் இருக்கும், எனக்கும் ஆசை உண்டு. ஆனால் கௌபாய் போட்டியில் ரிவால்வர் தகடுகள் 7 முதல் 10 கெஜத்தில் நிற்கின்றன, ரைபிள் தகடுகளும் அப்படியொன்றும் தூரமில்லை. அதனால்தான் குண்டு வெறும் ஈயம். அதனால்தான் ரிவால்வருக்கு நொடிக்கு 1000 அடிக்குள், ரைபிளுக்கு 1400 அடிக்குள் என்று வேகக் கட்டுப்பாடு. போயர்கள் தூக்கிய 7 மி.மீ. மவுசர் ரைபிளின் உறை போட்ட குண்டு அதைப்போல ஒன்றரை மடங்கு வேகத்துக்கு மேல் வரும். அந்தத் தூரத்தில் தகடு குழியும், சிதறல் திரும்பி வரும், பார்வையாளர் நாற்காலியில் யாராவது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருப்பார். சாஸ்காரர்களே 1911 மாடல் பிஸ்டல் வேண்டும் என்று ஆசை வந்தபோது அதைக் கௌபாய் போட்டிக்குள் ஒரு பிரிவாகத் திணிக்கவில்லை. 'வைல்ட் பன்ச்' என்று தனிப் போட்டி, தனி விதிப் புத்தகம் போட்டுவிட்டார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம். வருடத்துக்கு ஒரு நாள், தூர ரேஞ்சில், காகித இலக்கில், பழைய ராணுவத் துப்பாக்கிக்காரர்களை மட்டும் கூப்பிடுங்கள். யாரிடமாவது 1879-இல் ஜூலுப் போரின்போது ரோர்க்ஸ் டிரிஃப்டில் பேசிய மார்ட்டினி ஹென்றி வகை இருந்தால் அதுவும் வரட்டும். 85 கிரெய்ன் கருமருந்து போட்டு 480 கிரெய்ன் ஈயத்தைத் தள்ளுகிற துப்பாக்கி அது. ஒரே ஒரு குண்டு சுட்டுப் பார்த்துவிட்டு, தோளைத் தடவிக்கொண்டே, போதும் என்று சொல்கிறவர்கள் நிறைய.

இனி ஸ்கோர் எழுதுகிறவளாக ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து பேரைப் பத்துப் பிரிவாக உடைத்தால் பிரிவுக்கு இரண்டரை ஆள். வந்தவரெல்லாம் மேடை ஏறுவார்கள், கைதட்ட ஆள் இருக்காது. புதுப் பிரிவு எதுவானாலும் முதல் சீசன் கோப்பை கிடையாது, பெயருக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து மட்டும் போடுங்கள். போட்டிக்குப் போட்டி குறைந்தது நாலு பேராவது நிற்கிறார்களா என்று பாருங்கள். நின்றால் அடுத்த சீசனில் கோப்பை, நிற்காவிட்டால் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். அப்புறம், பதிவு மேசையில் எந்தப் பிரிவு என்று சொன்னால் சொன்னதுதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கையில் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றிய 'பன்னி சௌ'வோடு வந்து, "டீச்சர், காலையில் கை வலித்தது, என்னை டூயலிஸ்டிலிருந்து மாற்றிவிடுங்கள்" என்று யாராவது நின்றால் குழம்பு சிந்துவது என் தாளில்தான்.

கேள்வி: எனக்கு 71 வயது. எல்டர் ஸ்டேட்ஸ்மன் பிரிவில் இருக்கிறேன். என் பிரிவில் நான் ஒருவன்தான். மாதா மாதம் முதல் பரிசு. பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 70 வயதுக்கு மேலானவர்களுக்கு இன்னும் ஒரு பிரிவு வந்தால் நல்லதா?
*— ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்*

பதில்: ஐயா, இன்னும் பிரித்தால் நீங்கள் இன்னும் தனியாகத்தான் நிற்பீர்கள். வயதுப் பிரிவில் ஒரு நல்ல விதி இருக்கிறது: மேலே போக முடியாது, கீழே வரலாம். 60 நிரம்பியவர்களுக்கு சீனியர், 65-க்கு சில்வர் சீனியர், 70-க்கு உங்களுடையது, 75-க்கு 'கேட்டில் பாரன்'. 71 வயதுக்காரர் சீனியரில் பெயர் கொடுத்தால் யாரும் தடுக்க முடியாது. அங்கே ஆறு ஏழு பேர் இருப்பார்கள். மூன்றாவதாக வந்தால்கூட பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ள ஒரு கதை இருக்கும். உடம்புக்கு நிஜமாகவே சிரமம் என்றால் பிரிவை மாற்றாமல் ஸ்டேஜை மாற்றச் சொல்லுங்கள். ஓடுகிற தூரத்தைக் குறைத்து, ரைபிளைக் குனிந்து எடுக்காமல் இடுப்பு உயர மேசையில் வைத்தால் பாதி வலி போய்விடும். எங்கள் ரேஞ்சில் மேசைக் காலுக்கு அடியில் செங்கல் வைத்தோம், முழங்காலைப் பற்றிய புலம்பல் அன்றோடு நின்றது.

கேள்வி: எங்கள் கிளப்பில் பெண்கள் மூன்று பேர்தான். ஆண்களோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள், தனிப் பிரிவு எதற்கு என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரியா, டீச்சர்?
*— ஒரு வாசகி, பீனிக்ஸ்*

பதில்: கணவர் போன போட்டியில் உன்னைவிட எத்தனை நொடி முன்னால் இருந்தார் என்று சொல்லாமல் விட்டுவிட்டாயே, தங்கச்சி! மொத்தப் பட்டியல் ஒன்று எப்போதும் ஒட்டப்படும், அதில் ஆண் பெண் எல்லோரும் ஒரே வரிசை. அதற்கு மேல் பெண்களுக்குத் தனியாகவும் பிரிவுகள் உண்டு என்பது சாஸில் பழகிய முறை. மூன்று பேர் இருக்கும்போது பெண்களுக்குள் வயது வாரியாகப் பிரிக்க வேண்டாம், ஒரே பிரிவாக இருங்கள். நாலாவது பெண் பார்க்க வரும்போது அவள் முதலில் தேடுவது அந்தத் தாளில் பெண்கள் என்று ஒரு தலைப்பு இருக்கிறதா என்றுதான். நான் சில்வர் சீனியர் பெண்களில் சுடுகிறேன், எனக்குத் தெரியும்.

துப்பாக்கி பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அவருடைய .45 கோல்ட்டை இரவல் வாங்காதே. உதை குறைந்த .38 ஸ்பெஷல் போதும், தகடு எதில் பட்டாலும் 'டங்' என்றுதான் சொல்லும். ஷாட்கனிலும் சிறிய குழல் 20 கேஜுக்கு அனுமதி உண்டு, 12 கேஜ்தான் என்று யாராவது சொன்னால் விதிப் புத்தகத்தைக் காட்டு.

கேள்வி: போட்டிக்குப் புனைபெயர் கட்டாயம் என்கிறார்கள். 'மதுரை வீரன்' என்று வைக்கலாமா? அந்தப் பெயரில் உடைப் பிரிவு ஒன்று கேட்கலாமா? நம் முன்னோர் 1860-இல் வந்த காலத்து வேட்டி, தலைப்பாகையோடு சுட்டால் என்ன?
*— ஒரு வாசகர், டோங்காட்*

பதில்: ஒரு பெயர் ஒருவருக்குத்தான் என்பது விதி. அமெரிக்காவில் வேறு எவரும் 'மதுரை வீரன்' எடுத்திருக்க மாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெயர் மேற்கத்தியக் காலத்தையோ படத்தையோ சார்ந்து இருக்க வேண்டும் என்று கேட்பார்கள், பதிவில் தகராறு வரலாம். கிளப்புக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் மதுரை வீரனுக்குப் படையல் போடுகிறவர்கள் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், மிஸ் அதிகமானால் சாமி பெயருக்கு இழுக்கு.

உடைப் பிரிவு எனக்குப் பிடித்த யோசனை. காரணம் முன்னே சொன்னதுதான், லைசென்ஸ் தேவையில்லாத பிரிவு. ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்த நவம்பர் 1860-லிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலியாக வந்தார்கள். அந்தக் காலமும் கௌபாய் காலமும் ஒன்றுதான், தேதியில் யாரும் குறை சொல்ல முடியாது. வேட்டியில்தான் எனக்குத் தயக்கம். அவிழ்ந்த நுனி ரிவால்வர் உறைக்குள் போய் ஹாமரில் சிக்கினால் சிரிப்பு நின்றுவிடும். தார்ப்பாய்ச்சிக் கட்டி, மேலே தோல் பெல்ட்டை இறுக்கி, முதலில் காலித் துப்பாக்கியோடு ரேஞ்ச் ஆபீசர் முன்னால் எடுத்து வைத்துக் காட்டுங்கள். இன்னொரு யோசனையும் உண்டு. போயர் போரில் நம்மவர்கள் போட்ட உடை வேண்டுமென்றால் 1899-இல் காந்தி திரட்டிய நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையின் உடை இருக்கிறது. அவர்கள் தூக்கியது ஸ்ட்ரெச்சர், துப்பாக்கி அல்ல. அந்த உடையில் வருகிறவரை நான் ஸ்கோர் மேசையில் உட்கார வைத்துக்கொள்கிறேன், எனக்கு உதவிக்கு ஆள் இல்லை.

தேதி குறிக்கும்போது ஒன்று கவனியுங்கள். உடைப் பிரிவைக் குட் ஃப்ரைடே வார இறுதியில் வைக்காதீர்கள். இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பாதிப் பேர் போய்விடுவார்கள், நானும்தான்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. என்னோடு ரேஞ்சுக்கு வருகிறான். அவனுக்கென்று பிரிவு இருக்கிறதா? சட்டம் விடுமா?
*— ஒரு தந்தை, வெருலம்*

பதில்: இருக்கிறது. 13 வயது வரை பக்கரூ, பெண் பிள்ளை என்றால் பக்கரெட். 14 முதல் 16 வரை யங் கன்ஸ். பக்கரூ பிரிவில் ரிவால்வரும் ரைபிளும் .22 போதும். அதனால் தோட்டாச் செலவும் குறைவு, உதையும் இல்லை. லைசென்ஸ் 21 வயதுக்கு முன் பொதுவாகக் கிடையாது. ஆகவே துப்பாக்கி உங்கள் பெயரில், பையன் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் என்றுதான் நடக்க வேண்டும். மேற்பார்வை என்றால் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்ப்பது இல்லை.

உங்கள் கிளப்பில் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர்தான் என்றாலும் இந்த ஒரு பிரிவுக்கு மட்டும் நாலு பேர் கணக்கைப் பார்க்க வேண்டாம், ஒருவன் இருந்தாலும் கோப்பை கொடுக்கச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதம் கடிகாரம் வேண்டாம். ஒரு ரிவால்வர், ஐந்து குண்டு, பெரிய தகடு. ஆறு அறை உள்ள ரிவால்வரில் ஐந்துதான் போட வேண்டும், ஹாமர் காலி அறை மேல் நிற்க வேண்டும் என்பதை லோடிங் மேசையில் அவனே வாய்விட்டு எண்ணிச் சொல்லட்டும். கண்ணாடியும் காது மூடியும் அவன் அளவுக்கு வாங்குங்கள், உங்களுடையதை மாட்டினால் நழுவும். கால் மூடிய ஷூ போட்டு அழைத்து வாருங்கள். ரைபிளிலிருந்து தெறிக்கும் தோட்டாக் கூடு சூடாகச் சட்டைக் காலருக்குள் விழும், அதனால் மேல் பட்டன் போடச் சொல்லுங்கள்.